ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் டயர் ரொட்டேஷன்: அளப்பது முதல் நட்டு முறுக்குவது வரை

தார், ஜிம்னி, கூர்க்கா, வி-கிராஸ், 4x4 ஃபார்ச்சூனர் வைத்திருப்பவர்களில் பலரும் டயரை இடம் மாற்றிப் போடுவதை டயர் கொஞ்சம் கூடுதலாக உழைப்பதற்கான வேலை என்றே நினைக்கிறார்கள். சாதாரண காரில் அது சரிதான். ஃபோர் வீல் வண்டியில் அதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. நான்கு டயரின் சுற்றளவும் ஒன்றுபோல இருக்க வேண்டும். இல்லையென்றால் டயருக்குக் கேடு வருவதற்கு முன், இன்ஜினின் இழுவையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடி வாங்கும். ஒரு செட் டயரின் விலையையும் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரித்து வேலை பார்க்கும் செலவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த வேலையின் அருமை தெரியும்.

கணக்காகவே பார்ப்போம். ஜிம்னியின் டயர் 195/80 ஆர்15. அதன் விட்டம் ஏறக்குறைய 693 மி.மீ. பின் டயரைவிட முன் டயரின் பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டி) 4 மி.மீ. கூடுதலாகத் தேய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விட்டத்தில் 8 மி.மீ., சுற்றளவில் 25 மி.மீ. குறைந்துவிட்டது. ஒரு கிலோமீட்டர் போவதற்குள் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட ஐந்து சுற்றுக்கு மேல் அதிகமாகச் சுற்றியாக வேண்டும். டூ ஹெச்சில், அதாவது பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலையில், ஓட்டும்போது இதனால் ஒன்றும் ஆகாது, முன் அச்சு தன் போக்கில் சுற்றிக்கொள்ளும். நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் ஹெச் போட்டதும் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன. இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியல் நடுவில் கிடையாது. இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். அந்த ஐந்து சுற்று வித்தியாசம் எங்கேயாவது போய்த் தீர வேண்டும். மண், சேறு, சரளை என்றால் டயர் வழுக்கித் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்காது. முறுக்கம் ஷாஃப்ட்டிலும் செயினிலும் கியர் பல்லிலும் ஏறிக்கொண்டே போகும். ஸ்டியரிங் கனக்கும், லீவர் ஃபோர் ஹெச்சில் மாட்டிக்கொண்டு வெளியே வராது. அப்படி மாட்டினால் லீவரை அடித்து இழுக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்து ரிவர்ஸில் சில மீட்டர் போங்கள், முறுக்கம் இறங்கும், லீவர் தானாக விடும்.

எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் முழுநேர வகை வண்டிகளில் நடுவே டிஃபரென்ஷியலோ கிளட்ச்சோ இருக்கும். தார் ரோட்டில் ஓட்டலாம் என்பதால் டயர் வித்தியாசம் அங்கே பரவாயில்லை என்று நினைப்பது தப்பு. வித்தியாசம் இருந்தால் அந்த கிளட்ச்சுக்கு ஓய்வே கிடையாது. ஹைவேயில் நேராகப் போகும்போதும் அது வழுக்கிக்கொண்டே சூடாகும். ஆகவே வேண்டும்போது மட்டும் ஃபோர் ஹெச் போடும் பகுதிநேர 4x4-ஐ விட முழுநேர வண்டிக்குத்தான் டயர் கணக்கு இறுக்கமாக இருக்க வேண்டும்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை?

பெரும்பாலும் ரோட்டில் ஓடும் வண்டிக்கு 8,000 முதல் 10,000 கி.மீ. ஏ.டி. (ஆல் டெரெய்ன்), எம்.டி. (மட் டெரெய்ன்) போன்ற முரட்டுப் பட்டன் டயர் போட்டிருந்தாலோ, வாரந்தோறும் மலை ஏறி இறங்கினாலோ 5,000 கி.மீ. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. இப்படிப்பட்ட ரோட்டில் இறங்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது, பிரேக்கின் பெரும்பங்கை முன் டயர்தான் தாங்குகிறது, ஒவ்வொரு வளைவிலும் முன் டயரின் ஓர விளிம்பான ஷோல்டர் ரோட்டில் உரசுகிறது. பின் டயருக்கு அந்தக் கஷ்டம் இல்லை, ஆனால் டூ ஹெச்சில் இழுக்கும் வேலை முழுக்க அதன் தலையில்தான். முன்னும் பின்னும் வேறு வேறு மாதிரி தேய்வது இதனால்தான்.

கிலோமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். பகுதிநேர வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் 2 மி.மீ. வித்தியாசம் வந்துவிட்டால் கிலோமீட்டர் எவ்வளவு ஆகியிருந்தாலும் மாற்ற வேண்டிய நேரம் அதுதான். முழுநேர வண்டியில் 1 மி.மீ.

முதலில் அளவு

அளக்காமல் சக்கரத்தைக் கழற்றுவதில் அர்த்தமில்லை. டயர் காடியின் ஆழத்தை அளக்கும் டெப்த் கேஜ் ஒன்று வாங்குங்கள், சின்ன சாமான், விலையும் குறைவு. ஒவ்வொரு டயரிலும் உள்பக்கக் காடி, நடுக்காடி, வெளிப்பக்கக் காடி என்று மூன்று இடம், டயரைச் சுற்றி மூன்று நான்கு தடவை அளந்து தாளில் எழுதுங்கள். காடிக்குள் 1.6 மி.மீ. உயரத்தில் தேய்மான மேடு இருக்கும். கேஜ் முனை அதன் மேல் நின்றால் தப்புக் கணக்கு வரும், மேடு இல்லாத இடத்தில் வையுங்கள்.

எழுதிய எண்கள் நிறையச் சொல்லும். நடுக்காடி மட்டும் ஆழம் குறைந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவு. ஆஃப்ரோடுக்காகக் காற்றை இறக்கிவிட்டு, திரும்ப ஏற்றாமல் ரோட்டில் ஓட்டுபவர்களின் டயரில் இதைத்தான் பார்க்கலாம். ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட். பட்டன் மேல் உள்ளங்கையை வைத்து வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை, உள்ளேயிருந்து வெளியே ஒருமுறை தடவுங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் எதிர்ப்பக்கம் ரம்பம் மாதிரியும் கையை அறுத்தால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) தப்பாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாததைக் கை கண்டுபிடிக்கும் இடம் இது. டயரைச் சுற்றி மேடு பள்ளமாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள்.

முன்னும் பின்னும் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசமோ, ஒரே அச்சில் இடத்துக்கும் வலத்துக்கும் 2 மி.மீ. வித்தியாசமோ வந்திருந்தால் முதலில் காரணத்தைச் சரிசெய்யுங்கள். கோளாறை வைத்துக்கொண்டு டயரை மாற்றினால் இன்னொரு நல்ல டயரையும் அதே மூலையில் கொண்டுபோய்க் கெடுப்பதாகத்தான் முடியும். ஜிம்னி போல முன்னாலும் இரண்டு சக்கரத்தையும் ஒரே குழாயாக இணைக்கும் முழு அச்சு உள்ள வண்டியில் சாதாரணமாக டோ மட்டும்தான் திருகி மாற்ற முடியும். கேம்பர், அதாவது சக்கரம் பக்கவாட்டில் சாயும் அளவு, தப்பாகக் காட்டினால் அச்சு வளைந்திருக்கிறதா, சக்கரம் திரும்பும் ஆணியான கிங்பின்னின் பேரிங் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சுற்றளவையும் நேராகவே அளக்கலாம். நான்கு டயரிலும் ஒரே அளவு காற்று ஏற்றி, சக்கரத்தைக் கழற்றியபின் தையல்காரர் டேப்பைப் பட்டனின் நடுவில் சுற்றிப் பாருங்கள். முழுநேர வண்டியில் அதிக அளவுக்கும் குறைந்த அளவுக்கும் நடுவே 6 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது.

எந்த டயர் எங்கே?

டயரின் பக்கச் சுவரைப் பாருங்கள். அம்புக்குறியும் ரொட்டேஷன் என்ற சொல்லும் இருந்தால் அது ஒரே திசையில் சுற்ற வேண்டிய டயர். அதைப் பக்கம் மாற்றக்கூடாது, அதே பக்கத்தில் முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் போடலாம், அவ்வளவுதான். வெளிப்பக்கம் என்று மட்டும் குறி இருந்தால் பக்கம் மாற்றலாம், ரிம்மில் டயரைத் திருப்பிப் போடாத வரை குறி வெளியேதான் இருக்கும். முன்னும் பின்னும் அளவு வேறாக இருக்கும் வண்டியில் முன்பின் மாற்றும் பேச்சே இல்லை. ஆனால் பகுதிநேர ஃபோர் வீலில் அப்படி வேறு வேறு அளவு போட்டிருந்தால் அதுவே பெரிய தப்பு.

திசை இல்லாத சாதாரண டயருக்கு முறை இதுதான்: பின் டயர் இரண்டும் அதே பக்கத்தில் நேராக முன்னால் வரும், முன் டயர் இரண்டும் பக்கம் மாறிப் பின்னால் போகும். பின்வலம் முன்வலத்துக்கு, முன்வலம் பின்னிடத்துக்கு, பின்னிடம் முன்னிடத்துக்கு, முன்னிடம் பின்வலத்துக்கு. பக்கம் மாற்றுவதற்குக் காரணம் உண்டு. ஏ.டி., எம்.டி. டயரில் ஒவ்வொரு பட்டனும் ரோட்டை முதலில் தொடும் விளிம்பு ஒரு மாதிரியும் கடைசியில் விடும் விளிம்பு ஒரு மாதிரியும் தேயும். ரம்பப் பல் போல ஆகி ஹைவேயில் உறுமும். பக்கம் மாறினால் டயர் எதிர்த்திசையில் சுற்றும், உயர்ந்து நின்ற விளிம்பு தேய்ந்து பட்டன் மட்டமாகும்.

ஸ்டெப்னியையும் சேர்க்க முடிந்தால் சேர்த்துவிடுங்கள். ஐந்தாவது டயரும் ஓடும்போது ஒவ்வொன்றும் ஐந்தில் ஒரு பங்கு காலம் ஓய்வில் இருக்கும். நான்கு டயர் 40,000 கி.மீ. வரும் என்றால் ஐந்து டயர் 50,000 வரும். அதைவிட முக்கியமான லாபம் வேறு. காட்டில் ஒரு டயர் கிழிந்தால் மாட்டப்போகும் ஸ்டெப்னி மற்ற டயர்களின் தேய்மானத்திலேயே இருக்கும். ஆறு வருஷமாகப் பின்கதவில் வெயில் வாங்கிக்கொண்டு தொங்கிய டயருக்குப் பட்டன் முழுசாக இருந்தாலும் ரப்பர் கெட்டிப்பட்டிருக்கும், அளவும் ஒத்துப்போகாது. பக்கச் சுவரில் தயாரிப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

ஐந்து டயர் வரிசை: ஸ்டெப்னி பின்வலத்துக்கு, பின்வலம் முன்வலத்துக்கு, முன்வலம் பின்னிடத்துக்கு, பின்னிடம் முன்னிடத்துக்கு, முன்னிடம் கழன்று ஸ்டெப்னியாகும். இதில் பின் அச்சில் ஒரு பக்கம் ஓய்வெடுத்து வந்த டயரும் மறுபக்கம் ஓடிவந்த டயரும் ஜோடி சேர்கின்றன. ஆகவே ஐந்தும் புதிதாக இருக்கும்போதே இந்தச் சுழற்சியைத் தொடங்கி இடைவெளி விடாமல் நடத்த வேண்டும். 30,000 கி.மீ. ஓடிய டயர்களோடு தொடாத ஸ்டெப்னியைக் கொண்டுவந்து சேர்க்காதீர்கள். ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் உள்ள பின் அச்சில் அது கிளட்ச் தட்டுகளைத் தின்றுவிடும். ஸ்டெப்னி சின்ன அளவாகவோ, அலாய் வண்டியில் இரும்பு ரிம்மாகவோ இருந்தாலும் நான்கு டயர் முறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தூக்குவதற்கு முன்

மட்டமான, கெட்டியான தரை வேண்டும். மண் தரை என்றால் ஜாக்கிக்கு அடியில் ஒரு அடிச் சதுரத்துக்குத் தடித்த பலகை. ஸ்டியரிங்கை நேராக வையுங்கள். மேனுவல் என்றால் ஃபர்ஸ்ட் கியர், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க். டிரான்ஸ்ஃபர் லீவர் நியூட்ரலில் இருக்கக் கூடாது. நியூட்ரலில் இருந்தால் கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே அறுந்துவிடும், கியரோ பார்க்கோ வண்டியைப் பிடிக்காது. ஃபோர் வீல் வண்டியில் ஆள்மேல் வண்டி உருள்வதற்கான வழிகளில் இது ஒன்று.

ஹேண்ட் பிரேக்கையும் முழுசாக நம்பாதீர்கள். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போன்றவற்றில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கிறது. ஒரு பின் சக்கரம் அந்தரத்தில் தூக்கினதும் டிஃபரென்ஷியல் வழியாக அது சுற்றும், தரையிலிருக்கும் சக்கரம் உருளும், வண்டி நகரும். எந்த வண்டியானாலும் தூக்கும் சக்கரத்துக்கு எதிர்மூலையில் உள்ள சக்கரத்தின் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்தே ஆக வேண்டும். உடைந்த செங்கல் வேண்டாம், மரக்கட்டையோ ரப்பர் கட்டையோ போதும்.

எடுத்து வைக்க வேண்டிய சாமான்கள்: 3 டன் டிராலி ஜாக்கி, ஜாக்கி ஸ்டாண்டு குறைந்தது ஒன்று, நட்டு அளவுக்கான சாக்கெட், நட்டு இளக்க நீளமான பிரேக்கர் பார், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு, கம்பி பிரஷ், சாக்பீஸ், காற்று கேஜ். வண்டியோடு வரும் ஜாக்கி வழியில் பஞ்சர் ஆனால் ஒரு டயர் மாற்றுவதற்குத்தான். உயரம் கூட்டிய வண்டிக்கு அது எட்டவும் எட்டாது.

ஒரு மூலை மட்டும் தூக்கி முடிக்கும் வழி

வீட்டில் லிஃப்ட் கிடையாது. நான்கு சக்கரத்தையும் ஒரே நேரத்தில் அந்தரத்தில் நிறுத்தத் தேவையும் இல்லை. மேலே சொன்ன வரிசை ஒரு சங்கிலி. ஸ்டெப்னி அதே அளவு என்றால் ஒரு ஜாக்கி, ஒரு ஸ்டாண்டிலேயே முழு வேலையும் முடியும், எந்நேரமும் மூன்று சக்கரம் தரையில் இருக்கும்.

ஐந்து டயர் முறையில் பின்வலத்தில் தொடங்குங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று மட்டும் இளக்குங்கள். அந்தரத்தில் வைத்து இளக்கினால் வண்டி ஸ்டாண்டிலிருந்து ஆடி இறங்கும். முழு அச்சு என்றால் ஜாக்கியை அச்சுக் குழாயின் அடியில், சக்கரத்துக்கு அருகில் கொடுங்கள். நடுவில் உருண்டையாகத் தொங்கும் ஹவுசிங்கின் மூடி மெல்லிய தகடு, அதில் கொடுத்தால் ஒடுங்கி ஆயில் கசியும். பிரேக் பைப் குழாயை ஒட்டி ஓடும், அது நசுங்காமல் பாருங்கள். தார் போல முன்னால் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் முன்பக்கத்துக்குக் கையேடு காட்டும் ஜாக்கி இடத்தை மட்டும் பயன்படுத்துங்கள். டயர் தரையைவிட்டு இரண்டு விரல் கடை எழும்பினால் போதும், ஸ்டாண்டைக் கொடுத்து எடையை அதன்மேல் இறக்குங்கள்.

பின்வலச் சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டுங்கள். கையில் வந்த சக்கரம் முன்வலத்துக்குப் போகும். அங்கே கழன்றது பின்னிடத்துக்கு. அங்கே கழன்றது முன்னிடத்துக்கு. முன்னிடத்தில் கழன்றது பின்கதவுக்கு. நான்கே தூக்கலில் முடிந்துவிடும். ஸ்டெப்னியைச் சேர்க்காத முறையிலும் இதே சங்கிலிதான், ஸ்டெப்னி பின்வலத்தில் தற்காலிகமாக நின்றிருக்கும், கடைசியில் முன்னிடத்துச் சக்கரம் வந்து அந்த இடத்தைப் பிடிக்கும். ஐந்தாவதாக ஒரு தூக்கல், அவ்வளவே. கழற்றும்போதே எங்கிருந்து வந்தது என்று சாக்பீஸால் டயரில் எழுதிவிடுங்கள்.

சக்கரம் தான் உட்காரும் ஹப்பில் ஒட்டிக்கொண்டு வராமல் போகலாம். துரு பிடித்த ஹப்பில் அலாய் ரிம்முக்கு இது சகஜம். வண்டிக்கு அடியில் உட்கார்ந்து உதைக்காதீர்கள். நட்டுகளைத் திரும்ப மாட்டி, இரண்டு சுற்று தளர்வாக விட்டு, சக்கரத்தைத் தரையில் இறக்கி வண்டியை மெதுவாக இடமும் வலமும் ஆட்டுங்கள். டப் என்று விடும்.

கழன்ற சக்கரத்தின் உள்பக்கத்தைக் கழுவாமல் திரும்ப மாட்டாதீர்கள். எஸ்டேட் ரோட்டுச் சேறு ரிம்முக்குள் காய்ந்து கெட்டியாகி பேலன்ஸைக் கெடுக்கும். ஹப் முகத்தையும் ரிம் உட்காரும் இடத்தையும் கம்பி பிரஷால் பளிச்சென்று தேய்த்துவிடுங்கள். நடுவே சிக்கிய துருச்செதில் வண்டி ஓடஓட நொறுங்கிப்போகும், முறுக்கி வைத்த நட்டு தளர்ந்துவிடும். நட்டு ஏறும் ஸ்டட் மரையில் கிரீஸோ ஆயிலோ தடவக்கூடாது. மரை வழுக்கினால் டார்க் ரெஞ்சு காட்டும் அளவுக்கு மேல் ஸ்டட் இழுபட்டு நீளும்.

நட்டு முறுக்குவது

முதல் சில சுற்று கையால் மட்டும். கையால் போகாவிட்டால் மரை கோணலாக ஏறியிருக்கிறது, கழற்றிப் பாருங்கள். பிறகு ஒன்றுவிட்டு ஒன்றாக, நட்சத்திரம் போடுவதுபோல முறுக்கி வாருங்கள். சக்கரத்தைத் தரையில் இறக்கியபின் டார்க் ரெஞ்சில் கடைசி முறுக்கு. ஜிம்னிக்கு 100 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். ரெஞ்சு இல்லாத அவசரத்துக்கு ஒரு கணக்கு: அரை மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 20 கிலோ அளவுக்கு அழுத்தினால் 100 நியூட்டன் மீட்டர் வரும். ஸ்பேனர் மேல் ஏறி நிற்கும் பழக்கம் இதைப்போல மூன்று நான்கு மடங்கு. கடையில் செய்தால் ஏர் கன்னால் கடைசி முறுக்கு வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். காட்டில் டயர் பஞ்சரானால் கையால் கழற்ற முடியாத நட்டு அப்படித்தான் உருவாகிறது, டிரம்மோ டிஸ்க்கோ கோணிக்கொள்ளவும் செய்யும்.

அலாய்க்கான நட்டும் இரும்பு ரிம்முக்கான நட்டும் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம், உட்காரும் முகம் மாறும். பழைய வில்லிஸ் ஜீப் வைத்திருப்பவர்களுக்கு: இடப்பக்க ஸ்டட்கள் இடது மரை. வலப்பக்கமாகத் திருப்பினால்தான் இளகும். தெரியாமல் பலம் போட்டால் ஸ்டட் முறிந்து கையோடு வரும்.

முன்னும் பின்னும் காற்று அளவு வேறாக இருந்தால், டயர் இடம் மாறியதும் காற்றையும் மாற்றியாக வேண்டும். டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் அளவு, டயர் குளிர்ந்திருக்கும்போது. ஸ்டெப்னியில் இன்னும் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூடுதலாக வைத்திருங்கள், வேண்டும்போது இறக்குவது சுலபம். ஒவ்வொரு சக்கரத்தின் காற்றையும் தனித்தனியாகத் திரையில் காட்டும் வண்டியில் சென்சாருக்குப் புது இடத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்வலம் என்று காட்டும் எச்சரிக்கை வேறொரு டயருடையதாக இருக்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது

முதல் சில நூறு கிலோமீட்டர் கொஞ்சம் சத்தம் கூடலாம். எதிர்த்திசையில் சுற்றும் பட்டன் படிந்துவர அவ்வளவு ஆகும். 60 முதல் 80 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால், பின்னால் இருந்தபோது தெரியாத பேலன்ஸ் கோளாறு இப்போது முன்னால் வந்திருக்கிறது. முன்னால் முழு அச்சுள்ள ஜிம்னியில் இது பலமாகவே தெரியும். நடுக்கத்தை அடக்கும் ஸ்டியரிங் டாம்பரை மாற்றக் கிளம்புவதற்கு முன் முன் டயர் இரண்டையும் பேலன்ஸ் செய்துவிடுங்கள்.

ஒரு பக்கம் இழுக்கிறதா? முன் சக்கரங்கள் இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றுங்கள். இழுப்பு எதிர்ப்பக்கத்துக்குப் போனால் டயரில் கோளாறு. அதே பக்கம் நின்றால் அலைன்மென்ட், அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

50 முதல் 100 கி.மீ. ஓடியதும் எல்லா நட்டையும் டார்க் ரெஞ்சில் ஒருமுறை தட்டிப் பாருங்கள். அலாய் ரிம்மில் இது கட்டாயம். அதே ஓட்டத்தில் மண் ரோடு ஒன்றில் ஃபோர் ஹெச் போட்டு நூறு மீட்டர் நேராகப் போய், லீவரை டூ ஹெச்சுக்குக் கொண்டுவாருங்கள். வெண்ணெயாக வந்தால் நல்ல அறிகுறி. முரண்டு பிடித்தால் காற்றை மறுபடி அளங்கள், அது சரியாக இருந்தால் நான்கு டயரையும் டேப் வைத்து அளந்து, ஒத்துவராத டயர் எது என்று தேடுங்கள். அதுவரை ஃபோர் ஹெச்சை மண்ணுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.